மகளின் லேரயும் சமையலறை அட்டவணையும்

என் மகள் சுவிஸின் பேர்ண் மாநிலத்தில் ஓர் உணவகத்தில் சமையல் லேர செய்கிறாள். லேர என்பது வேலையிடத்திலேயே தொழில் பழகும் பயிற்சி, சமையலுக்கு மூன்று ஆண்டு. வாரத்தில் ஒரு நாள் தொழிற்பள்ளி, மற்ற வேலைநாட்களில் சமையலறை. முதல் ஆண்டில் அவளுடைய வேலை நேரம் ஒழுங்குக்கு வருவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் கெட்டது. சுவிஸில் நம் பிள்ளைகள் பலர் உணவகங்களிலும் கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் லேர செய்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு உதவும் என்பதால் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒப்பந்தத்திலிருந்து தொடங்க வேண்டும். லேர ஒப்பந்தம் முதலாளியும் வேலையாளும் கையெழுத்திட்டதோடு முடிவதில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறையவில்லை என்றால் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். பிறகு அது மாநிலத்தின் தொழிற்கல்வி அலுவலகத்துக்குப் போய் ஒப்புதலோடு திரும்பும். அந்தத் தாளைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் ஒப்புதல் தந்த அலுவலகத்துக்கே பயிற்சியைக் கண்காணிக்கும் பொறுப்பும் இருக்கிறது. தகராறு வந்தால் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

லேர ஆகஸ்டில் தொடங்கியது. மகளுக்கு அப்போது 16 வயது. குளிரறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதுதான் அட்டவணை. செஃப் வெள்ளிக்கிழமை பின்னேரம் பென்சிலால் எழுதுவார், வருகிற திங்களிலிருந்து அது நடைமுறைக்கு வரும். மகள் கைபேசியில் படமெடுத்து அனுப்புவாள். சனிக்கிழமை இரவு போய்ப் பார்த்தால் பெயருக்கு நேரே இருந்த எண்கள் ரப்பரால் அழிக்கப்பட்டு, சாம்பல் நிறக் கறையின் மேல் வேறு எண்கள் இருக்கும். ஞாயிறு விடுமுறை என்று நம்பி நாங்கள் உறவினர் வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்போம்.

நாள் கணக்கு இப்படிப் போகும்: காலை 9 முதல் மதியம் 2 வரை, பிறகு மாலை 5.30 முதல் இரவு 10 வரை. இடையில் இருப்பதை இங்கே சிம்மர்ஸ்துண்ட என்பார்கள். சம்பளம் இல்லாத நேரம் அது. ஆனால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து திரும்பவும் போகக் காணாது. நானும் சமையற்காரன்தான், பல வருடங்கள் அந்த நேரத்தை உடைமாற்றும் அறையின் வாங்கிலும் ஆரே நதிக்கரையிலும்தான் கழித்தேன். "சமையலறை என்றால் அப்படித்தான் பிள்ளை" என்றேன். தொழிற்பள்ளி ஆசிரியர் கொடுத்த தாளை மேசையில் வைத்து, "உங்களுக்கு அப்படித்தான் அப்பா. எனக்கு வேறு சட்டம்" என்றாள்.

இளையோர் பாதுகாப்பு விதிகள் அந்தத் தாளில் இருந்தன. 18 வயது நிறையும் வரை ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவேளைகளையும் சேர்த்து அந்த நாள் முழுவதும் 12 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவே தொடர்ச்சியாக 12 மணி நேர ஓய்வு வேண்டும். தொழிற்பள்ளிக்குப் போகும் நாளுக்கு முந்தைய மாலை 8 மணிக்கு மேல் வேலையில் வைத்திருக்கக் கூடாது. அவளுக்குச் செவ்வாய்க்கிழமை பள்ளி, திங்கட்கிழமை இரவு 10 மணி வரை சமையலறை. மற்ற நாட்களில் வேலை நேரத்தை மட்டும் கூட்டிச் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் எட்டரை மணி நேரம்தான் வரும், தப்பே தெரியாது. 9 மணியிலிருந்து 22 மணி வரை எண்ணினால்தான் 13 என்று வரும். அட்டவணைக்கும் விதி இருக்கிறது. நேரம் மாறுவதாக இருந்தால் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். இது வயது வந்த தொழிலாளருக்கும் பொருந்தும்.

உடனே போய்க் கேட்க அவளுக்குப் பயம். காரணமும் இருந்தது. ஒன்று முதல் மூன்று மாதம் வரையான தகுதிகாண் காலத்தில் ஏழு நாள் அவகாசம் கொடுத்து எந்தத் தரப்பும் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அது முடிந்த பிறகு கடுமையான காரணம் இல்லாமல் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது. எனவே அந்தக் காலம் முழுவதும் ஒரு கொப்பியில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடைவேளை மூன்றையும் அன்றன்றே எழுதினாள். அட்டவணையை ஒட்டிய அன்றும் மாற்றிய அன்றும் படமெடுத்தாள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

நவம்பரில் அவளே செஃப்பிடம் பேசினாள். ஆள் பற்றாக்குறை என்று முணுமுணுத்தாலும் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தார். டிசம்பரில் நிறுவனங்களின் கிறிஸ்துமஸ் விருந்துகள் வந்தன. பழைய குருடி, கதவைத் திறடி.

அரையாண்டு முடிவில் ஒரு பயிற்சி அறிக்கை எழுதுவார்கள். பிள்ளை எப்படி வேலை செய்கிறது என்று பயிற்சி கொடுப்பவர் எழுதுவது அதில் பெரும்பகுதி. பயிற்சி எப்படி இருக்கிறது என்று பிள்ளை எழுதவும் அதில் இடம் உண்டு. பலர் அங்கே "நன்று" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மகள் தேதிகளையும் நேரங்களையும் எழுதினாள், நான் கையெழுத்திட்டேன். பிறகு மாநில அலுவலகத்தின் ஆலோசகருக்குத் தொலைபேசி எடுத்தோம். அந்த அம்மையார் என்னிடம் பேசும் முன் மகளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, ஆனால் அது சரியான முறைதான்.

பேச்சு உணவகத்திலேயே நடந்தது: முதலாளி, செஃப், ஆலோசகர், மகள், நான். என்னுடையது சமையலறை ஜெர்மன். வங்கியானாலும் வைத்தியரானாலும் மகள்தான் எனக்கு மொழிபெயர்ப்பாள். தன் முறைப்பாட்டையே அவள் மொழிபெயர்க்கும் நிலை வரக் கூடாது என்பதால் தேதிகளை ஒரு தாளில் நிரல்படுத்திக் கொண்டுபோனேன். அதிகம் பேச வேண்டியே வரவில்லை. 12 மணி நேர விதி தனக்குத் தெரியாது என்றார் முதலாளி. ஆலோசகர் வாதாடாமல் ஒரு தாளை எடுத்து 10 முதல் 14, 17.30 முதல் 22 என்று எழுதி அவர் பக்கம் தள்ளினார். திங்கட்கிழமை 20 மணியோடு சரி. அட்டவணை இரண்டு வாரத்துக்கு முன், அதற்குப் பிறகு மாற்றுவதென்றால் மகளின் சம்மதத்தோடு.

சனிக்கிழமைகளில் அவளைப் பாத்திரம் கழுவ மட்டும் விடுவதையும் சொன்னோம். பாத்திரம் கழுவாத சமையற்காரர் யாரும் இல்லை என்றார் செஃப். அதுவும் உண்மைதான். தொழிலோடு தொடர்புள்ள வேலையை, பயிற்சி கெடாத அளவுக்குத்தான் கொடுக்கலாம் என்பது சட்டம். ஆலோசகர் மகளின் பயிற்சிக் கோப்பைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். சோஸ் வகைகளுக்கான பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அதைச் செஃப்பிடம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். முடிவுகளை எழுதி எல்லோரும் கையெழுத்திட்டோம்.

18 வயது நிறைந்ததும் கதை மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு நாள் 14 மணி நேரம் வரை நீளலாம், ஓய்வு 11 மணி நேரம் போதும். மகளின் பிறந்தநாள் கழிந்த அடுத்த அட்டவணையிலேயே 9 முதல் 22 திரும்பி வந்துவிட்டது, இம்முறை சட்டப்படியே. பள்ளி நாளுக்காகச் சம்பளம் வெட்டக் கூடாது என்பதும், 20 வயது நிறையும் வரை ஐந்து வார விடுமுறை என்பதும் மாறவில்லை. திங்கள் இரவைப் பற்றி அவளே செஃப்பிடம் பேசி 21 மணிக்கு முடித்துக்கொண்டாள். என்னை அழைக்கவில்லை.

அன்று பேச்சு முடிந்து எழும்பும்போது ஆலோசகர் என்னிடம், இத்தனை வருடமாகச் சமைக்கிறீர்களே, சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். குறைந்தது ஐந்து ஆண்டு தொழில் அனுபவம் உள்ள பெரியவர்கள் லேர ஒப்பந்தம் இல்லாமலே இறுதித் தேர்வுக்குப் போக ஒரு வழி இருக்கிறதாம். மகள் படிவத்தை அச்சிட்டு வைத்திருக்கிறாள். தயாரிப்பு வகுப்பு எந்தக் கிழமை என்று தெரிந்ததும் நான் என் செஃப்பிடம் அட்டவணை பற்றிப் பேச வேண்டும்.