சூடானால் மட்டும் காணாமல் போகும் பூஸ்ட்

மூன்றாவது கியரில் ஒரு நீண்ட மேடு. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருந்தேன். 4,500 ஆர்பிஎம் தாண்டியதும் வண்டி சட்டென்று துவண்டுவிட்டது. வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை, டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் அந்த விசில் மட்டும் அடங்கிப்போயிருந்தது. அது தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, அதாவது பூஸ்டைக் காட்டும் கேஜைப் பார்த்தேன், முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. காலைத் தளர்த்தி மெதுவாக ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். மெதுவாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியவில்லை.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1.8 லிட்டர், நாலு சிலிண்டர். அதில் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் ஒன்றை நானே பொருத்தினேன். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள புல்லி 140 மி.மீ., அது பெல்ட்டால் சுழற்றும் சூப்பர்சார்ஜர் புல்லி 70 மி.மீ. கிராங்க் ஒரு சுற்றுக்கு, சூப்பர்சார்ஜருக்குள் சுழலும் ரோட்டார் இரண்டு சுற்று. அப்போது 0.45 பார் பூஸ்ட் வந்தது. எட்டு மாதம் முன்பு ஆசை கூடி, 62 மி.மீ. அலுமினியப் புல்லிக்கு மாறினேன். இப்போது விகிதம் 2.26. இன்ஜின் 6,000-ல் ஓடும்போது ரோட்டார் ஏறக்குறைய 13,500-ல் சுழலும். பூஸ்ட் 0.6 பார்.

முதல் வேலையாக கம்ப்ரஷன் பார்த்தேன். திடீரென்று பலம் போனால் மனம் பிஸ்டனைத்தான் முதலில் நினைக்கிறது. நாலு சிலிண்டரிலும் 12 பாரை ஒட்டியே இருந்தது. அப்பாடா என்றிருந்தது. பிளக்குகளின் நிறம் நன்றாக இருந்தது, இடைவெளியும் நான் வைத்த 0.7 மி.மீ.-லேயே இருந்தது. பெட்ரோல் அழுத்தம் பூஸ்டுக்கு ஈடாக ஏறி இறங்குகிறது. இவை மூன்றுக்கும் சேர்த்து அரை நாள்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். பலம் குறையும்போது பூஸ்ட் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் இதில் பெரிய துப்பு. கேஜ் காட்டும் பூஸ்ட் என்பது இன்ஜின் விழுங்க முடியாமல், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் தேங்கும் காற்றின் அழுத்தம். சைலன்சரோ கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோ அடைத்திருந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் தேங்கும். பலம் குறையும், பூஸ்ட் ஏறும். எனக்கு இரண்டுமே சேர்ந்து விழுந்தன. அப்படியானால் காற்று உள்ளே வந்து சேரவே இல்லை. எக்ஸாஸ்ட் பக்கத்தை அத்தோடு மறந்துவிட்டேன்.

காற்று வராமல் போக நாலு வழி தோன்றியது. பெல்ட் வழுக்கலாம். ஏதாவது ஒரு இணைப்பில் காற்று கசியலாம். பைபாஸ் வால்வு மூடாமல் நின்றிருக்கலாம். காற்று நுழையும் வழியே அடைத்திருக்கலாம்.

பெல்ட் வழுக்கினால் கீச்சிடும், கரிய ரப்பர் தூள் சுற்றிலும் படியும், பெல்ட்டின் பற்கள் கண்ணாடிபோல் பளபளக்கும். மூன்றுமே இல்லை. புகை விட்டுப் பார்த்ததில் எந்த இணைப்பிலும் கசிவில்லை. மிச்சமிருந்ததில் பைபாஸ் வால்வு மேல் சந்தேகம் விழுந்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும். அது இந்த வால்வைத் திறந்து, சூப்பர்சார்ஜர் தள்ளிய காற்றை மறுபடி அதன் வாய்க்கே திருப்பிவிடும். முழுதாக மிதித்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிட வேண்டும். கழற்றிப் பார்த்தால், தண்டில் எண்ணெயும் கரியும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. கை வேக்குவம் பம்பால் திறந்து விட்டால், மூடும்போது கடைசிக் கால்பங்கில் தயங்கி நின்றது.

இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் துடைத்து, மாட்டி, மறுநாள் விடிந்ததும் எடுத்து ஓட்டினேன். 0.6 பார் கச்சிதமாக வந்தது. மூன்று முறை முழுதாக மிதித்தேன், மூன்று முறையும் வந்தது. அன்று மாலை, அரை மணி நேரம் ஓடிய பிறகு, அதே மேட்டில் அதே இடத்தில் பூஸ்ட் மறுபடி போய்விட்டது.

மனம் விட்டுப்போய் மூன்று நாள் வண்டிப் பக்கமே போகவில்லை.

நாலாவது நாள் ஈசியூ (இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) பதிவு செய்து வைத்திருந்ததைக் கணினியில் திறந்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். கேஜ் முள் வேகமாக விழும்போது கண்ணுக்குப் பூஜ்யம் என்றுதான் படும், பதிவில் இருப்பதோ எண். த்ராட்டில் (காற்று நுழையும் வால்வு) 100 சதவீதம் திறந்திருக்கிறது. 4,600 ஆர்பிஎம்மில் பூஸ்ட் 0.52. கால் வினாடியில் 0.2. அடுத்து மைனஸ் 0.07 பார். காற்று–பெட்ரோல் விகிதம் 11.7-லேயே நிற்கிறது, இக்னிஷன் நேரத்தை ஈசியூ பின்னுக்கு இழுக்கவே இல்லை. அதாவது எரிதலில் குறையில்லை. மேனிஃபோல்டில் காற்றின் வெப்பம் 61 டிகிரியிலிருந்து இறங்க ஆரம்பிக்கிறது.

அந்த மைனஸ் 0.07-ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சென்சார் பிழை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறை பூஸ்ட் போனபோதும் அது மைனஸில்தான் முடிந்திருந்தது. பைபாஸ் திறந்தே நின்றாலும் சரி, குழாய் பிய்ந்துபோனாலும் சரி, த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது அழுத்தம் பூஜ்யத்தை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தை, ஒட்டித்தான் இருக்கும். இன்ஜினுக்குக் காற்று வர ஒரு திறந்த வழி இருக்கிறதே. பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்றால், இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது, வழியில் ஏதோ ஒன்று குறுக்கே நின்று தடுக்கிறது.

ரூட்ஸ் வகையின் குணம் இங்கேதான் உதவியது. 1860-ல் அமெரிக்காவின் இந்தியானாவில் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வம்சம் இது. இது காற்றைத் தனக்குள் வைத்து அழுத்துவதில்லை. இந்தப் பக்கம் அள்ளி அந்தப் பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். எத்தனை சுற்று சுற்றுகிறதோ அத்தனை காற்று. சுற்று குறைந்தால் அதே ரோட்டார்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் கதவாகிவிடும். காற்றின் வெப்பம் இறங்கியதும் இதோடு பொருந்திப்போனது. அமுக்குவாரில்லை, அதனால் சூடும் இல்லை.

ஆக, ஒன்று ஃபில்டர் பக்கம் அடைப்பு, இல்லையென்றால் ரோட்டார் சரியாகச் சுழலவில்லை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் உருளை மேடை) ஏற்றிச் சூடாக்கி மிதித்தேன். பூஸ்ட் அதேபோல் போனது.

பெல்ட் வழுக்கவில்லை. ரோட்டாரோ சுழலவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது புல்லியும் ஷாஃப்ட்டும். இந்தப் புல்லியை ஷாஃப்ட்டோடு பூட்டிப் பிடிக்கும் கீ என்ற துண்டோ போல்ட்டோ கிடையாது. இறுக்கமான துளையில் ஷாஃப்ட்டை அழுத்தி ஏற்றியது. இறுக்கம் ஒன்றுதான் அதன் பிடி.

வெள்ளை பெயின்ட் எடுத்து, ஷாஃப்ட்டின் முனையிலிருந்து புல்லியின் முகத்துக்கு ஒரே நேர்கோடு இழுத்தேன். நன்றாகக் காயவிட்டேன். சூடாவதற்கு முன் இரண்டு முறை மிதித்தேன், கோடு அப்படியே இருந்தது. இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றி ஒரு முறை மிதித்தேன். பூஸ்ட் போனது. இன்ஜினை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஷாஃப்ட்டில் இருந்த கோடு மேலே பார்த்தது, புல்லியில் இருந்த கோடு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கிட்டத்தட்ட கால் சுற்று. புல்லிக்குப் பின்னால் ஷாஃப்ட்டின் அடியில் செம்மண் நிறத்தில் மெல்லிய தூள். எஃகு உரசி உரசித் துருப்பிடித்த தூள் அது. எட்டு மாதமாக நான் அதைத் தூசி என்று துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கழற்றி மைக்ரோமீட்டர் வைத்தபோது மீதியும் புரிந்தது. ஷாஃப்ட்டின் தேயாத பகுதி 20.000 மி.மீ. புல்லி உட்கார்ந்த இடம் 19.985. புல்லியின் துளை 19.970. மிச்சமிருந்த பிடி 15 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பழைய புல்லியை இழுத்து எடுத்தபோது விழுந்த கீறல்களை நான் எமரி தாளால் தேய்த்து நேராக்கினேன். அங்கேயே சில மைக்ரான் போயிருக்கும், மீதி உரசலில் போயிருக்கும்.

சூட்டில் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டேன். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரான் விரியும், எஃகு சுமார் 12. வித்தியாசம் 11. 20 மி.மீ. விட்டத்துக்கு, 80 டிகிரி சூடு ஏறினால், துளை ஷாஃப்ட்டை விட ஏறக்குறைய 18 மைக்ரான் கூடுதலாக விரியும். கையில் இருந்ததோ 15. விடியலில் 0.6 பார் ஏன் வந்தது, மாலையில் ஏன் போனது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம். ஒருமுறை வழுக்கினால் உரசலில் இன்னும் சூடேறி இன்னும் விரியும். அதனால்தான் படிப்படியாகக் குறையாமல் கால் வினாடியில் மொத்தமாக விழுந்தது. கொஞ்சம் ஆறியதும் மறுபடி கவ்விக்கொள்ளும்.

புது அலுமினியப் புல்லி போட்டால் இதே கதை இன்னொரு நாள் வரும் என்று தோன்றியது. லேத் வேலை தெரிந்த நண்பரிடம் பேசி எஃகில் ஒன்று கடையச் சொன்னேன். எடை கூடும், ஆனால் ஷாஃப்ட்டும் புல்லியும் ஒன்றாக விரியும். தேய்ந்த 19.985-ஐக் கணக்கில் எடுத்து, துளை 19.945 கேட்டேன். பிடி 40 மைக்ரான். நண்பர் 19.946-ல் கொடுத்தார்.

ஏற்றும்போது சுத்தியலோ பிரஸ்ஸோ வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். அந்தத் தள்ளல் நேராக பேரிங்குக்கும் ரோட்டாருக்கும் போகும். அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ மயிரிழை. புல்லியை அடுப்பில் 250 டிகிரிக்குச் சூடாக்கினேன். துளை 50 மைக்ரானுக்கு மேல் விரிந்திருக்கும். கனத்த கையுறையோடு எடுத்து ஷாஃப்ட்டில் வைத்தால் சொத்தென்று அடிவரை இறங்கி உட்கார்ந்தது. உள்ளே இருக்கும் ஆயில் சீல் கருகிவிடக் கூடாது என்று உடனே ஈரத்துணியைப் புல்லியின் முகத்தில் போட்டேன். எடுத்து வைத்ததிலிருந்து உட்காரும் வரை இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது. தயங்கினால் பாதி வழியில் கவ்விக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் மறுபடி வெள்ளைக் கோடு இழுத்தேன். டைனோவில் நாற்பது நிமிடம் ஓட்டி, புல்லியின் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் 96 டிகிரி காட்டியபோது மிதித்தேன். 6,000-ல் 0.61 பார். இறக்கி, உடனே இன்னொரு முறை. 0.61. ஐந்தாவது முறையில் மேனிஃபோல்டு காற்று 70 டிகிரியைத் தொட்டு 0.59 வந்தது. அதற்குமேல் வண்டியை வாட்டவில்லை.

இன்ஜினை அணைத்து பானெட்டைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. டார்ச்சைப் புல்லிக்கு நேராகப் பிடித்தேன். கோடு நேராக இருந்தது.