ஒரே கேபிளில் தனித்தனி வலைகள்: எங்கள் கல்லூரியில் வி-லான் அமைத்த அனுபவம்

பாளையங்கோட்டையில் நான் கணினி வலையமைப்பைக் கவனித்துவரும் கல்லூரியில், அலுவலகம், ஆய்வகம், விடுதி, கண்காணிப்புக் கேமரா எல்லாம் நெடுங்காலம் ஒரே வலையமைப்பில்தான் இருந்தன. விடுதியில் யாராவது வீட்டு வைஃபை ரவுட்டரின் லேன் துளையைச் சுவர் இணைப்பில் செருகினால் போதும். அது தானே, கணினிகளுக்கு வலை முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வராகி 192.168.0 வரிசையில் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். முகவரி கேட்கும் செய்தி பிராட்காஸ்டாக, அதாவது எல்லோருக்குமான அறிவிப்பாக, சுவிட்சின் எல்லாப் போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் துளை) போவதால், பெரும்பாலும் முந்திப் பதில் தருவதே வெல்லும். கட்டண கவுன்ட்டர் கணினி அந்தத் தவறான முகவரியில் சிக்கினால் ரசீது நின்று, பெற்றோர் வரிசையில் காத்திருப்பார்கள்.

ஒரே சுவிட்சையும் கேபிளையும் தனித்தனி வலைகளாகப் பிரித்து, பிராட்காஸ்ட் தன் எல்லையைத் தாண்டாமல் தடுப்பதே வி-லான். 802.1கியூ என்ற தர முறையில், பல வி-லான்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பு வழியே செல்லும் ஃபிரேமில் (தரவுப் பொட்டலம்) 4 பைட் அடையாளம் சேர்க்கப்படுகிறது. அதில் வி-லான் எண்ணுக்கு 12 பிட் இருப்பதால் 4094 எண்கள் வரை பயன்படுத்தலாம். கணினிக்கு இது எதுவும் தெரியாது.

கட்டளைகள் எளியவை, எந்தப் போர்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. போர்ட் பட்டியல் இல்லாமல் வி-லானில் கைவைப்பது வீண் என்பேன். ஒரு போர்ட்டின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய வன்பொருள் எண்) பார்த்தபோது ஒன்றுக்குப் பதில் மூன்று தெரிந்தன. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் வி-லான் அமைக்க முடியாத சாதாரண சுவிட்ச் ஒன்று தூசியில் கிடந்து, இரண்டு கேமராவையும் அலுவலகப் பிரின்டரையும் இணைத்துக்கொண்டிருந்தது. அத்தகைய சுவிட்சால் அவற்றைப் பிரித்துத் தர முடியாததால், பிரின்டருக்குத் தனிக் கேபிள் இழுத்தோம்.

ஆனித் தேரோட்ட உள்ளூர் விடுமுறையன்று மாற்றத்தைச் செய்தோம். தொலைவிலுள்ள சுவிட்சை முதலில் மாற்றிவிட்டே அருகிலுள்ளதற்கு வர வேண்டும். முறை மாறினால் தொலைவிலுள்ள சுவிட்சுக்குள் நுழையும் வழியே அடைபட்டு, ரேக் இருக்குமிடம் வரை ஓட வேண்டியிருக்கும்.

பிரித்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. வலைகளுக்கிடையே தரவை வழிநடத்தவும் வல்ல லேயர் 3 சுவிட்சில் ஒவ்வொரு வி-லானுக்கும் முகவரி கொடுத்து ரவுட்டிங்கை இயக்கியதும் அவை மீண்டும் ஒன்றையொன்று அடைந்துவிடும் என்பதால், ஆய்வகத்திலிருந்து கணக்குப் பிரிவு சர்வருக்குச் செல்வதை அக்சஸ் லிஸ்ட் (யார் எங்கே செல்லலாம் என்ற விதிப் பட்டியல்) வைத்து மறித்தோம். மைய டி.எச்.சி.பி. சர்வர் எல்லா வி-லானுக்கும் முகவரி தர, கோரிக்கையை அதனிடம் கொண்டுசேர்க்கும் ரிலே தேவைப்பட்டது. வேற்று ரவுட்டரின் தொல்லை இப்போது விடுதியைத் தாண்டி வராது. விடுதிக்குள்ளும் அதை அடக்க, நம்பகமற்ற போர்ட்டிலிருந்து வரும் டி.எச்.சி.பி. பதில்களைத் தடுக்கும் டி.எச்.சி.பி. ஸ்நூப்பிங்கை இயக்கினோம்.

அண்மையில் தேர்வுப் பிரிவு வேறொரு மாடிக்கு மாறியது. முன்பென்றால் ஒரே வலையமைப்பில் எங்கு செருகினாலும் வேலை செய்யும், ஆனால் யாருடைய கண்ணிலும் படும். இப்போது புதிய அறையின் போர்ட்டுகளைத் தேர்வுப் பிரிவின் வி-லானில் சேர்த்ததும் பழைய முகவரிகளும் பழைய தடைகளும் அப்படியே அங்கு வந்துவிட்டன, கேபிள் எதுவும் இழுக்கவில்லை.