கராஜ் சுவர் இடைவெளியைச் சும்மா விடாதீர்கள்

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்குச் சுவர் விரிசல் புதிதல்ல. கோடையில் மண் சுருங்கும், மழையில் உப்பும், சுவரும் சேர்ந்து அசையும். என் தாய்மாமா கொத்தனார். விரிசலைக் கொத்தி அகலப்படுத்தி, தண்ணீர் தெளித்து, சிமெண்ட் கலவை வைத்து அடைப்பார். காய்ந்ததும் பெயிண்டர் வந்து பட்டி பார்ப்பார்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, கால்கரியில் நாங்கள் வாங்கிய வீட்டின் படங்களை மாமாவிடம் காட்டினேன். கராஜ் சுவர் படத்தில் நிறுத்தி, "செங்கல்லே காணோமே மாப்ள, எதுல நிக்குது?" என்றார். அவருக்குச் சொன்னதையே, கனடாவில் வீடு வாங்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்.

அங்கே சுவர் நிற்பது மரச்சட்டத்தில். அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையைத் திருகி, இணைப்புகளில் டேப் ஒட்டி, மேலே பட்டி மாதிரியான மாவு இழுத்து பெயிண்ட் அடிக்கிறார்கள். குளிர்காலத்தில் மரம் காய்ந்து சுருங்கும். மூலையில் கோடு விழும், கதவு நிலை ஓரம் பிரியும்.

வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் இது வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல. கார் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர் நாளில் வீட்டின் சூடான காற்று மேலே ஏற ஏற, கீழே உள்ள சந்துகள் வழியாகக் கராஜ் காற்று உள்ளே இழுக்கப்படும். எங்கள் பிள்ளைகள் தூங்கும் அறை கராஜுக்கு நேர் மேலே. அதை நினைத்தால் ஒரு சந்துகூட விட்டுவைக்க மனம் வராது. சந்துகளை அடைத்தாலும் அந்த வாயுவைக் கண்டு ஒலிக்கும் அலாரம் கட்டாயம் வேண்டும்.

மெல்லிய கோட்டுக்கு, பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் காக்கிங் (சந்துகளை அடைக்கும் பசை) போதும். சாதாரண சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பெயிண்ட் நிற்காது. சந்து அகலமென்றால் முதலில் நுரைக்கயிற்றைத் திணித்து, அதன்மேல் காக்கிங் இழுக்க வேண்டும். டேப் பிரிந்த இணைப்பில் பழையதை உரித்துப் புது டேப் ஒட்டி மாவு இழுக்கணும். வாளியில் தயாராக வரும் மாவு காயும்போது சுருங்கும். அதனால் ஒரேயடியாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. தூளாக வாங்கித் தண்ணீரில் குழைப்பது சீக்கிரம் இறுகும், சுருக்கமும் குறைவு. ஆழமான பள்ளத்துக்கு நான் அதைத்தான் எடுப்பேன். காய்ந்ததும் உப்புத்தாள், பிரைமர், அப்புறம் பெயிண்ட். பிரைமரை விட்டால் ஒட்டுப்போட்ட இடம் திட்டாகத் தெரியும்.

"பெயிண்டு உரியிற எடத்தச் சுரண்டிட்டுத்தான வைக்கிற?" என்று மாமா கேட்டார். ஆமாம், அங்கேயும் அதேதான். ஆனால் 1960க்கு முந்தைய வீடென்றால் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். சோதித்துப் பார்க்காமல் தேய்க்கக் கூடாது.

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒயரும் குழாயும் நுழையும் ஓட்டைக்குத் தீ தாங்கும் காக்கிங் தனியாக விற்கிறது. சாதாரண நுரை ஸ்ப்ரே தீப்பிடிக்கும், அதை அங்கே அடிக்காதீர்கள்.

பலகைக்கும் தரைக்கும் நடுவில் அரை அங்குலம் விட்டிருந்தால் அது குறையல்ல. காரிலிருந்து உருகி வடியும் பனித்தண்ணீரை ஜிப்சம் உறிஞ்சிவிடக் கூடாது என்றுதான் விடுகிறார்கள். அங்கே மாவு வைத்து மூடினால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் தரையில் உட்காரும் கோட்டில் மட்டும் காக்கிங் இழுத்தால் காற்றும் வராது, பலகையும் காய்ந்தே இருக்கும்.