கட்டிப்போட்டது நல்ல கையை

2023 ஆடி மாதம். ரோட்டின் குறுக்கே ஓடிய ஆட்டுக்காகப் பிரேக் பிடித்து, பைக்கோடு விழுந்தார் என் கணவர். தலையின் இடது பக்கம் ரத்தக் கட்டு, ஆபரேஷன். முதல் 48 மணி நேரச் செலவை தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் பார்த்துக்கொண்டது. எங்கள் பாடு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. வலது கைதான் மடியில் கிடந்தது. அத்தை சோறு ஊட்டினார், நான் சட்டை மாட்டினேன், பையன் தலை வாரிவிட்டான். மிச்ச வேலைகளை இடது கை பழகிக்கொண்டது. ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

தெரபிக்குப் போன இடத்தில் தெரபிஸ்ட் பெண் ஒருவர் என் கணவரிடம் மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தச் சொன்னார். கொஞ்சம் நிமிர்ந்தது. விரல்களும் லேசாக விரிந்தன. "அக்கா, கையில உசிரு இருக்கு. நீங்கதான் அதுக்கு வேலையே குடுக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளிடம் கண்டதை அந்தத் தெரபிஸ்ட்தான் சொன்னார். ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்பை வெட்டிவிட்டால், அசைக்கும் நரம்பு நன்றாக இருந்தும் குரங்கு அந்தக் கையை உபயோகிப்பதில்லை. நல்ல கையைக் கட்டிப்போட்டால், விட்ட கை வேலைக்கு வந்துவிடுகிறது. முயன்று முயன்று தோற்ற கையை மூளை உபயோகிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறதாம். மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரம் நல்ல கைக்கு உறை, பலவீனமான கைக்குத் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. ஓராண்டு கழித்தும் அவர்கள் கை, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுடையதைவிட நன்றாக இயங்கியது. "இது பக்கவாதக்காரங்ககிட்ட செஞ்ச ஆய்வு. தலைக்காயத்துக்கு அதே அளவு உறுதி நான் தர மாட்டேன்" என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையால்தான் அவரை முழுதாக நம்பினேன்.

பழைய துண்டில் ஒரு பை தைத்து இடது கைக்கு மாட்டினோம். குளியலறையிலும் படியிலும் மட்டும் கழற்றலாம், விழுந்துவிடக் கூடாதே. காலையில் தெரபி, மாலையில் வீட்டுப் பயிற்சி. புளியங்கொட்டையைப் பல்லாங்குழியில் போடுவது, டம்ளரை நகர்த்துவது. அவர் எலக்ட்ரீசியன் என்று தெரிந்ததும் ஒரு சுவிட்ச் போர்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பெரிய ஸ்க்ரூவில் ஆரம்பித்து, அது வந்த பிறகு அடுத்த சைஸ். புளியங்கொட்டையோடு மல்லுக்கு நின்றவர் ஸ்க்ரூடிரைவரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள்தான் மோசம். இட்லியை எடுக்க எடுக்க நழுவியது. தட்டைத் தள்ளிவிட்டு அழுதார். அத்தை ஊட்டப் போனார். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அத்தையை நான் தடுத்தது அதுவே முதல் முறை. அவர் ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அரை மணி நேரத்தில் ஒன்றரை இட்லி உள்ளே போனது.

களைப்பையும் நாங்கள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. மதியம் ஒரு மணி நேரம் தூங்கினால்தான் சாயங்காலப் பயிற்சி நடக்கும், இல்லாவிட்டால் எரிச்சல். அவரைச் சோம்பேறி என்று நினைத்த நாட்களுக்காக இப்போதும் வருந்துகிறேன். தலையில் அடிபட்டவர்களுக்கு இந்தக் களைப்பு சகஜம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

ஒவ்வொரு வேலையையும் வலது கை எவ்வளவு நன்றாகச் செய்தது என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதினோம். தொடங்கியபோது சீப்புக்கு 0. இரண்டு வார முடிவில் 2. உறையைக் கழற்றிய பிறகும் நோட்டை நிறுத்தவில்லை.

இப்போது டெஸ்டர் பிடிக்கிறார். ஏணி ஏற இன்னும் விடவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் போட ஏழு நிமிஷம் ஆகிறது. வெளியே போக வேண்டிய நாளில் நாங்கள் அதற்குத் தக்கபடி முன்னதாகவே கிளம்பத் தொடங்குகிறோம்.