தொட்டால் திறக்காத பொருளடக்கம்

மும்பை மாட்டுங்காவில் இயங்கும் எங்கள் தமிழ் அமைப்பின் ஆண்டு மலரை இம்முறை பி.டி.எஃப். கோப்பாகவும் வாட்ஸ்அப்பில் அனுப்புவது என்று முடிவானபோது, பொருளடக்கத்தில் தலைப்பைத் தொட்டதும் அந்தக் கட்டுரை திறக்க வேண்டும் என்பதே மூத்த உறுப்பினர்கள் விதித்த ஒரே நிபந்தனை. வேர்டில் தலைப்புகளுக்கு ‘ஹெட்டிங் 1’ கொடுத்து, ‘ரெஃபரன்சஸ்’ பகுதியிலிருந்து பொருளடக்கத்தைச் செருகும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. வில்லங்கம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இறுதிப் பக்க அமைப்பைத் தாராவியில் ஒரு டி.டி.பி. நிலையத்திடம் ஒப்படைத்திருந்தோம். அங்கிருந்து வந்த பி.டி.எஃப்.பில் பொருளடக்கம் பார்வைக்கு அழகாக இருந்தது, தொட்டால் அசையவில்லை. “அதெல்லாம் வெப்சைட்டுலதான் சார் வரும்” என்று அங்கிருந்தவர் தீர்மானமாகச் சொன்னார். அருகில் அமர்ந்து பார்த்தபோது, அவர் ‘பிரிண்ட்’ கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாக ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.’ என்பதைத் தேர்ந்தெடுப்பது தெரிந்தது. தாளில் என்ன விழுமோ அதை மட்டுமே அந்த வழி பதிவு செய்யும், இணைப்புகள் உதிர்ந்துபோகும். ‘சேவ் ஆஸ்’ வழியாக பி.டி.எஃப். ஆக்கி, ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் தலைப்புகளைக் கொண்டு புக்மார்க் உருவாக்கும் கட்டத்தையும் குறித்ததும் இணைப்புகள் உயிர்பெற்றன. லிப்ரே ஆஃபிஸ் வைத்திருப்பவர்களும் அச்சு வழியை விட்டுவிட்டு, ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்.’ வழியாகவே போக வேண்டும்.

ஆனால் பக்கவாட்டில் தோன்றிய புக்மார்க் பட்டியலில் சில தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாக நின்றன. புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. நிலையத்தில் தட்டச்சு செய்த பகுதிகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகள்தான். எழுத்துரு போட்ட வேடத்தால் அவை தமிழாகத் தெரிகின்றன. அந்தப் பட்டியலுக்கோ நம் எழுத்துருவோடு சம்பந்தமே இல்லை. அந்தப் பகுதிகளை என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மாற்றி மென்பொருளில் இட்டு, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடுக்கு மாற்றினோம். மின்னஞ்சல் முகவரிகளையும் ஆங்கிலச் சொற்களையும் முன்கூட்டியே பிரித்து வைக்காவிட்டால் அவையும் சேர்ந்து விநோதத் தமிழாக மாறிவிடும் என்பதை மாற்றுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கடைசி நேரத்தில் வந்த விளம்பரங்களைத் தனி பி.டி.எஃப்.களாக முன்னால் ஒட்டித் தருவதாக நிலையத்தார் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஒட்டும் கருவிகளில் சில இணைப்புகளைத் துண்டித்துவிடும். அவை பிழைத்தாலும், பொருளடக்கத்தில் உள்ள எண்ணும் திரையில் தெரியும் பக்க எண்ணும் வெவ்வேறாகிவிடும். விளம்பரங்களைப் படங்களாக வேர்டு கோப்பிலேயே செருகச் செய்தேன்.

செருகியதும் பொருளடக்கத்தின் மீது சுட்டியை வைத்து எஃப்9 விசையை அழுத்தினால், பக்க எண்களை மட்டும் புதுப்பிப்பதா, முழு அட்டவணையையுமா என்று வேர்டு கேட்கும். முழு அட்டவணை என்பதே எப்போதும் பாதுகாப்பானது. நிலையத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தம் கவிதையின் கைவிட்ட தலைப்பு பொருளடக்கத்தில் அப்படியே கிடப்பதைக் கண்ட கவிஞர் ஒருவர் என்னிடம் தொலைபேசியில் பேசிய தமிழை மலரில் அச்சிட முடியாது.

பல கைபேசிச் செயலிகளில் புக்மார்க் பட்டியல் கண்ணில் படுவதே இல்லை என்பதால், பக்கத்திலேயே இருக்கும் பொருளடக்கம்தான் பெரியவர்களுக்கு வழி. கணினியில் சரிபார்த்ததோடு நிறுத்தாமல், வீட்டில் இருப்பதிலேயே பழைய கைபேசியில் ஒவ்வொரு தலைப்பையும் தொட்டுப் பார்த்த பிறகே கோப்பைக் குழுவில் போட்டேன்.