அரை விநாடிப் பிசகு

மாணவர்கள் தாங்களே கேள்வி கேட்டு, செய்து பார்த்து விடை காணும் வினவிக் கற்றல் பற்றி நான் பெற்ற முதல் பணியிடைப் பயிற்சி, காலை முதல் மாலை வரை நீண்ட ஒரே விரிவுரை. மாணவரைப் பேசவிட வேண்டும் என்பதை, எங்களில் ஒருவரையும் பேசவிடாமலே சொல்லி முடித்தார்கள்.

அந்த வாரமே தனி ஊசல் பாடத்தில் அதைச் செய்து பார்க்கத் துணிந்தேன். குண்டின் எடை கூடினால் அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்வர ஆகும் நேரம், மாறுமா என்று கேட்டு, 50 செ.மீ. நூல்களில் சிறிய குண்டு ஒன்றையும் பெரிய குண்டு ஒன்றையும் கட்டித் தொங்கவிடச் செய்தேன். மாறாது என்பது பாடநூலின் விடை. ஆனால் ஒரு குழுவினர் 20 அலைவுகளை மூன்று முறை எண்ணியும், பெரிய குண்டுக்கு அரை விநாடி கூடுதலாகவே வந்தது. எண்ணுவதில் பிசகிவிட்டீர்கள் என்று சொல்லி, பாடநூல் விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டேன்.

பிசகியது நான்தான் என்பது அன்றிரவுதான் உறைத்தது. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். நூல்கள் சமமாக இருந்தாலும், ஒரு குண்டின் ஆரம் 1 செ.மீ., மற்றதன் ஆரம் 3 செ.மீ. என்றால் ஊசல்களின் நீளம் 51, 53 என்று வேறுபடும். நீளம் கூடினால் அலைவு நேரமும் கூடும்; 20 அலைவுகளில் அந்த அரை விநாடி வந்தே தீரும்.

விரிவுரைக்கு விடை தெரிந்தால் போதும். வினவிக் கற்றலுக்கோ விடை எந்தெந்த வழியில் பிறழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, ஆசிரியர் வெறும் வழிகாட்டிதான், பாட அறிவு சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. இன்னொன்று, பொறுமை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினாலே மாணவரின் விடைகள் நீள்கின்றன என்றும் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். வகுப்பில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

பின்னாளில் சக ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க நேர்ந்தபோது, விரிவுரையைத் தவிர்த்து அதே இரு குண்டுகளையும் நூலையும் அவர்களிடமே கொடுத்தேன். அரை விநாடி வந்ததும், எண்ணிக்கை தவறு என்றே முதலில் ஒருவர் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, பின்வரிசையில் இருந்தவர் எழுந்து வந்து அளவுகோலைக் கேட்டு வாங்கினார்.