பாத மருத்துவப் பட்டதாரிகளுக்கு வாழ்த்து

1912ஆம் ஆண்டு சிகாகோவில் தொடங்கப்பட்டு, இன்று ஷோல் கல்லூரி எனும் பெயரில் இயங்கிவரும் பாத மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பணியைத் தொடங்கும் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். நான்காண்டுப் படிப்பு முடிந்தாலும், அறுவை சிகிச்சையையும் உள்ளடக்கிய மூன்றாண்டு உறைவிடப் பயிற்சி உங்களுக்காகக் காத்திருக்கிறது (உண்மையான களைப்பு இனிமேல்தான்!).

26 எலும்புகள் கொண்ட பாதத்தைப் பலரும் வலி வந்த பிறகே நினைக்கிறார்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கோ அந்த வலியும் தெரிவதில்லை என்பதால், செருப்பு உரசிய சிறு புண்கூடச் சீழ்பிடித்துக் காலை எடுக்கும் நிலைவரை போய்விடுவதுண்டு. மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தி உணர்ச்சியைச் சோதிக்கும் அந்த எளிய பரிசோதனையை, எத்தனை நோயாளிகள் வெளியே காத்திருந்தாலும், தயவுசெய்து தவிர்த்துவிடாதீர்கள். அறுவை அரங்கில் நீங்கள் காட்டப்போகும் திறமையைவிட அதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.